ஒன்பது நாளாக நிற்காத விக்கல்

கேள்வி (கடிதத்தின் சுருக்கம்): கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்தில் எங்களுக்குத் தென்னந்தோப்பு. மாமாவுக்கு (மாமனார்) வயது 71. இரண்டு வருடத்துக்கு முன்னால் பெருங்குடலில் புற்றுநோய் என்று கோவையில் ஆபரேஷன் செய்தோம். இப்போது ஈரலுக்குப் பரவிவிட்டது. இனிமேல் கீமோ வேண்டாம், வீட்டிலேயே வைத்துப் பாருங்கள் என்று மார்ஃபின் மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். பசி எடுக்கட்டும் என்று போன மாதக் கடைசியில் ஒரு சின்ன மாத்திரை சேர்த்தார்கள். ஒன்பது நாளாக விக்கல். ராத்திரி பகல் கிடையாது. நாலு வாய் கஞ்சி போனால் எதுக்களித்து வெளியே வந்துவிடுகிறது. தண்ணீர், சர்க்கரை, மூச்சடக்குவது, பேரன் பின்னால் நின்று பயமுறுத்துவது, மயிலிறகுச் சாம்பல் எல்லாம் பார்த்தாயிற்று. இங்கே ஒரு டாக்டர் ஊசி போட்டார். அன்று ராத்திரி பாத்ரூம் போகும்போது மாமா தலைசுற்றி விழுந்துவிட்டார். பக்கத்து வீட்டுப் பெரியவருக்குப் பக்கவாதம் வந்தபோது விக்கலுக்குக் கொடுத்த பேக்லோஃபென் 10 மாத்திரை மிச்சம் இருக்கிறது. அதைக் கொடுக்கலாமா? இல்லை, திரும்பக் கோவைக்கே கூட்டிக்கொண்டு போக வேண்டுமா? தமிழ் வாத்தியாராக இருந்த எங்கள் பெரியப்பா, "விக்கல் வந்துவிட்டது, இனி ஆக வேண்டியதைப் பாருங்கள்" என்கிறார். என் கணவர் துபாயில் இருக்கிறார். வரச் சொல்லட்டுமா? மருந்துச் சீட்டையும் ரத்தப் பரிசோதனைச் சீட்டையும் போட்டோ எடுத்து அனுப்பியிருக்கிறேன்.

ஒரு மருமகள், சித்தூர் தாலுகா, பாலக்காடு மாவட்டம்

அன்புள்ள சகோதரிக்கு,

அந்தப் பேக்லோஃபென் அட்டையை முதலில் எடுத்துக் கைக்கு எட்டாத இடத்தில் வைத்துவிடுங்கள். வைத்துவிட்டு வந்து மீதியைப் படியுங்கள். காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

கடிதத்தின் கடைசியில் "இந்தச் சின்ன விஷயத்துக்கு உங்களைத் தொந்தரவு செய்கிறேன், மன்னிக்கவும்" என்று எழுதியிருந்தீர்கள். எல்லோரும் இப்படித்தான் எழுதுகிறார்கள். விக்கல் என்றாலே நமக்கு ஒரு சிரிப்பு வந்துவிடுகிறது. யாரோ நினைக்கிறார்கள் என்போம். சொந்தக்காரர்கள் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்ப்போம். விக்கல் தானாக நிற்கும் நேரத்தில் யார் பெயர் வாயில் இருந்ததோ அவர்தான் நினைத்தார் என்று முடிவு கட்டுவோம். வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்க்க ஆரம்பித்த புதிதில் நானும் வலியைக் கேட்பேன், தூக்கத்தைக் கேட்பேன், மலம் போகிறதா என்று கேட்பேன். விக்கலைக் கேட்டதே இல்லை. வண்ணாமடைப் பக்கம் ஒரு லாரி டிரைவர், கணையத்தில் புற்றுநோய். "வலிக்குத்தான் மருந்து கொடுத்துட்டீங்களே, அது பரவாயில்லீங்க. இதுதான் என்னைக் கொல்லுது" என்று தன் நெஞ்சுக்குழியைத் தொட்டுக் காட்டினார். இரண்டு வாரமாக விக்கிக்கொண்டிருந்திருக்கிறார். இரண்டு தடவை போய்ப் பார்த்திருந்தும் என் நோட்டில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை. அன்றைக்கு அப்புறம் கேட்காமல் விட்டதில்லை.

நிமிடத்துக்கு இருபது என்று எண்ணி எழுதியிருக்கிறீர்கள். மணிக்கு 1,200. எட்டு மணி நேர இரவில் கிட்டத்தட்ட பத்தாயிரம் தடவை அந்த உடம்பு தூக்கிப் போட்டிருக்கிறது. சோறு இறங்காது, தூக்கம் வராது, ஆபரேஷன் தழும்பு இழுக்கும், ஈரல் குலுங்கி வலிக்கும். 48 மணி நேரத்தைத் தாண்டிய விக்கலை மருத்துவத்தில் நீடித்த விக்கல் என்று தனியாகவே பிரிக்கிறோம். ஒரு மாதத்தைத் தாண்டினால் அடங்காத விக்கல். இவருக்கு ஒன்பது நாள். மன்னிப்பெல்லாம் கேட்க வேண்டியதில்லை.

பஞ்சாயத்து பாலியேட்டிவ் சிஸ்டர் (தீராத நோயின் வேதனையைத் தணிக்க வீட்டுக்கு வந்து பார்க்கும் செவிலியர்) மேல் உங்களுக்கு ஒரு வருத்தம் இருக்கிறது. போனில் "மாமாவுக்கு நாலு நாளா விக்கல்" என்று நீங்கள் சொன்னதற்கு, "பேச்சு மட்டும்தானா, கை கால் அசைக்கிறாரா?" என்று சம்பந்தமில்லாமல் கேட்டாராம். அவர் திருச்சூர்ப் பக்கத்துக்காரர், புதிதாக வந்தவர் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். மலையாளத்தில் விக்கல் என்றால் திக்கிப் பேசுவது. பேச்சு குழறுகிறது, பக்கவாதமாக இருக்குமோ என்று பயந்துதான் கேட்டிருக்கிறார். நம் விக்கலுக்கு அவர்கள் சொல்லும் வார்த்தை எக்கிள். சிலர் இக்கிள் என்பார்கள். "எக்கிள், ஒன்பது திவசமாயி" (ஒன்பது நாளாயிற்று) என்று சொல்லுங்கள், அடுத்த நாளே வந்து நிற்பார். கேரள எல்லையில் இருக்கும் வேலந்தாவளம் செக்போஸ்ட்டுக்கு இரண்டு பக்கமும் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், பாதிச் சிக்கல் நோயில் இல்லை, இந்த மாதிரி இடத்தில்தான் இருக்கிறது. கோவை டாக்டரின் சீட்டு சிஸ்டர் கைக்குப் போகாது, சிஸ்டர் எழுதும் நோட்டு கோவைக்குப் போகாது. நடுவில் நீங்கள்தான் தபால்காரர்.

பெரியப்பா விஷயம். நாக்கு அடங்கி விக்குள் மேலெழுந்து வருவதற்கு முன்னால் நல்லதைச் செய்துவிட வேண்டும் என்று நிலையாமை அதிகாரத்தில் வள்ளுவர் சொல்கிறார். அதை மனதில் வைத்துத்தான் அவர் பேசியிருப்பார். நம் ஊரில் விக்கலைச் சாவோடு சேர்த்துப் பார்ப்பது அவ்வளவு பழைய பழக்கம். ஆனால் வள்ளுவர் விக்குளை மட்டும் சொல்லவில்லை, நாக்கு அடங்குவதையும் சேர்த்துச் சொல்கிறார். உயிர் பிரியும் நேரத்தில் வரும் விக்கல் அது. உங்கள் மாமா விக்கலோடு விக்கலாக, காப்பியில் சர்க்கரை போதவில்லை என்று நேற்றுக்கூடச் சண்டை போட்டிருக்கிறார். நாக்கு இன்னும் அடங்கவில்லை என்று பெரியப்பாவிடம் சொல்லுங்கள், வாத்தியார் புரிந்துகொள்வார். அமெரிக்காவில் சார்லஸ் ஆஸ்போர்ன் என்று ஒருவர். 1922-ல் ஒரு பன்றியைத் தூக்கி எடை போடும்போது ஆரம்பித்த விக்கல் 1990 வரைக்கும் 68 வருடம் நிற்கவில்லை. அதோடேயே கல்யாணம் செய்து, எட்டுப் பிள்ளைகளைப் பெற்றார். விக்கல் மட்டும் ஆளைக் கொண்டுபோகாது. அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதுதான் கேள்வி.

நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் குடை மாதிரி விரிந்திருக்கும் தசைக்கு உதரவிதானம் என்று பெயர். அது திடீரென்று ஒரு வெட்டு வெட்டிச் சுருங்கும்போது காற்று உள்ளே பாய்கிறது. பாய்ந்த காற்றைக் குரல்வளை உடனே படக்கென்று மூடித் தடுக்கிறது. இரண்டுக்கும் இடையில் ஒரு நொடியில் கிட்டத்தட்ட முப்பதில் ஒரு பங்குதான் இருக்கும். அந்த 'ஹிக்' சத்தம் கதவு அடைபடும் சத்தம். இந்தத் தசையை ஆட்டி வைக்கும் நரம்பு கழுத்திலிருந்து இறங்கி, நெஞ்சுக்குள் நுழைந்து உதரவிதானத்துக்கு வருகிறது. அதன் கூட்டாளியான வேகஸ் நரம்பு, காது, தொண்டை, நெஞ்சு, இரைப்பை, குடல் என்று வழியெல்லாம் கிளை விட்டுக்கொண்டே போகிறது. இந்த வழியில் எந்த இடத்தில் உறுத்தல் இருந்தாலும் விக்கல் வரலாம். காதுக்குள் ஒரு முடி செவிப்பறையைத் தொட்டுக்கொண்டிருந்து, அதை எடுத்ததும் விக்கல் நின்ற கதையெல்லாம் மருத்துவப் பத்திரிகைகளில் உண்டு. நானும் அதிலிருந்து டார்ச் அடித்துக் காதைப் பார்க்காமல் விடுவதில்லை. முடி இதுவரை அகப்படவில்லை, அழுக்குதான் அகப்பட்டது.

இப்போது உங்கள் சீட்டுகளுக்கு வருவோம். நான் ஒன்றுக்கு இரண்டு தடவை உட்கார்ந்து பார்த்தேன். ஒன்றில்லை, நாலு காரணம் தெரிகிறது.

முதலாவது, அந்தச் சின்ன மாத்திரை. டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு, 4 மி.கி., காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று. சீட்டில் தேதி 27. விக்கல் ஆரம்பித்தது 29-ஆம் தேதி சாயங்காலம் என்று எழுதியிருக்கிறீர்கள். டெக்ஸாமெத்தசோன் கெட்ட மருந்தில்லை. பசியைக் கொடுக்கும், ஈரல் வீங்கி இழுக்கும் வலியைக் குறைக்கும், எழுதிய டாக்டரைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் சிலருக்கு, அதிலும் ஆண்களுக்கு, ஆரம்பித்து ஓரிரண்டு நாளில் விக்கலைக் கிளப்பிவிடும். பந்தயம் கட்டச் சொன்னால் நான் இதன் மேல்தான் கட்டுவேன். அதற்காக நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். ஸ்டீராய்டை நிறுத்துவதா, குறைப்பதா, வேறு வகைக்கு மாற்றுவதா என்று எழுதிக் கொடுத்தவரைக் கேட்டுத்தான் செய்ய வேண்டும். மெத்தில்பிரெட்னிசோலோனுக்கு மாற்றியதும் விக்கல் அடங்கியவர்கள் உண்டு. போனில் கேட்கும்போது "விக்கல் நிற்க மருந்து சொல்லுங்கள்" என்று கேட்காமல், "27-ஆம் தேதி டெக்ஸா ஆரம்பித்தோம், 29-ஆம் தேதி விக்கல் ஆரம்பித்தது" என்று இரண்டு தேதியையும் சேர்த்துச் சொல்லுங்கள். கேட்கும் டாக்டருக்கு உடனே பொறி தட்டும். இன்னொன்று: தொடரச் சொன்னாலும் ராத்திரி மாத்திரை எதற்கு, காலையிலேயே எல்லாவற்றையும் கொடுத்துவிடலாமா என்று கேளுங்கள். ராத்திரி போடும் ஸ்டீராய்டு விக்கல் இல்லாதவரைக்கூடத் தூங்க விடாது.

இரண்டாவது, வயிறு. மார்ஃபின் நாலு மணிக்கு ஒரு தடவை போகிறது. ஆனால் மலம் இளகக் கொடுக்கும் மருந்து எதுவும் சீட்டில் இல்லை. எழுதியவர் மறந்தாரோ, எழுதியதை வாங்காமல் விட்டீர்களோ, எப்படியிருந்தாலும் இன்றைக்கே கேட்டு வாங்க வேண்டியது அது. மலம் போய் ஐந்து நாளாயிற்று, மேல்வயிறு உப்பி இருக்கிறது என்கிறீர்கள். மார்ஃபின் குடலையும் இரைப்பையையும் மந்தமாக்கும். வீங்கிய ஈரல் பக்கத்திலிருந்து இரைப்பையை நெருக்கும். உள்ளே போன கஞ்சி கீழே இறங்க இடமில்லாமல் மேலே தள்ளி உதரவிதானத்தை இடிக்கும். நோய் முற்றியவர்களுக்கு வரும் விக்கலில் அடிக்கடி பார்ப்பது இந்த வகைதான்.

இதற்கு நாங்கள் முதலில் தேடுவது மெட்டோகுளோப்ரமைடு, இரைப்பையைக் கீழ்நோக்கித் தள்ளும் மாத்திரை. சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் கொடுப்பது. ஆனால் பெருங்குடல் ஆபரேஷன் ஆனவர், ஐந்து நாளாக மலம் இல்லை, எதுக்களிக்கிறது என்றால், குடலில் அடைப்பு இல்லை என்று முதலில் தெரிய வேண்டும். அடைபட்ட குழாயைப் பின்னாலிருந்து தள்ளினால் வலிதான் மிஞ்சும். அதனால் சிஸ்டர் வந்து வயிற்றில் கை வைத்துப் பார்க்கட்டும். காற்று பிரிகிறதா, வயிறு விட்டு விட்டுப் பிடித்து இழுக்கிறதா, வாந்தி பச்சையாகவோ மல வாடையோடோ வருகிறதா என்று இன்றைக்குக் கவனித்து வையுங்கள். சந்தேகம் வந்தால் சித்தூர் தாலுகா ஆஸ்பத்திரியில் ஒரு வயிற்று எக்ஸ்ரே. அடைப்பு இல்லை என்றால் மலத்தை எடுத்துவிட்டு, பிறகு அந்த மாத்திரை. இவருக்குச் சிறுநீரகம் தளர்ந்திருப்பதால் (அதைக் கீழே சொல்கிறேன்) பாதி அளவில். கூடவே அமிலத்தை அடக்க பான்டோபிரசோல், வாயுவைக் கலைக்க சிமெதிகோன். மலம் எடுத்த அன்றைக்கே விக்கலும் நின்றுபோனதைச் சில வீடுகளில் பார்த்திருக்கிறேன்.

மூன்றாவதும் நாலாவதும் ரத்தப் பரிசோதனையில் இருக்கின்றன. கிரியாட்டினின் 2.3, சோடியம் 128. சிறுநீரகம் தளர்ந்து கழிவெல்லாம் ரத்தத்தில் தங்கினாலும் விக்கல் வரும்; சோடியம் குறைந்தாலும் வரும். அந்தச் சீட்டு மூன்று வாரம் பழையது. ஒரு தடவை மறுபடி எடுங்கள். யூரியா, கிரியாட்டினின், சோடியம், பொட்டாசியம், கால்சியம், சர்க்கரை. டெக்ஸா சாப்பிடுகிறவருக்குச் சர்க்கரை ஏறியிருக்கலாம். இடுப்பு வலிக்கு மெடிக்கல் ஷாப்பில் சொல்லி வாங்கும் வலி மாத்திரை ஏதாவது போகிறதா? போனால் அதை நிறுத்துங்கள். அது சிறுநீரகத்தை இன்னும் கெடுக்கும், டெக்ஸாவோடு சேர்ந்தால் இரைப்பையில் புண் வரும்.

நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரி என்னை நிறுத்தியது: "தூங்கும்போது கை கால் வெட்டி வெட்டி இழுக்கிறது." விக்கலோடு சேர்ந்த அசதி என்று நினைத்திருக்கிறீர்கள். மார்ஃபின் உடம்பில் சிதைந்து உண்டாகும் பொருள்கள் சிறுநீர் வழியாகத்தான் வெளியேற வேண்டும். சிறுநீரகம் தளர்ந்தால் அவை தேங்கும். தேங்கினால் இந்த வெட்டு வரும், மயக்கம் வரும், இல்லாத ஆள் இருப்பதுபோலத் தெரியும். மார்ஃபினை நீங்களாக நிறுத்த வேண்டாம், வலி தாங்க மாட்டார். அளவைக் குறைக்கலாம், இடைவெளியைக் கூட்டலாம், தோலில் ஒட்டும் ஃபென்டனில் பட்டைக்கு மாற்றலாம். இந்த வெட்டைத் தனியாகச் சொல்லிக் கேளுங்கள்.

பேக்லோஃபென் ஏன் வேண்டாம் என்பது இப்போது உங்களுக்கே புரிந்திருக்கும். அது தசையின் இறுக்கத்தைத் தளர்த்தும் மருந்து. விக்கலுக்கு நல்ல மருந்துதான். சிறுநீரகம் சரியாக இருப்பவருக்கு 5 மி.கி. மூன்று வேளை என்று நானே எழுதுவேன். பக்கத்து வீட்டுப் பெரியவருக்குக் கொடுத்தது நியாயம்தான். ஆனால் அதுவும் சிறுநீரில்தான் வெளியேறுகிறது. கிரியாட்டினின் 2.3 உள்ளவருக்கு 10 மி.கி. மாத்திரை இரண்டு மூன்று உள்ளே போனால், விக்கல் நின்ற மாதிரி இருக்கும், ஆளும் எழுந்திருக்க மாட்டார். உளறல், ஆழ்ந்த மயக்கம் என்று போய், டயாலிசிஸ் செய்துதான் வெளியே எடுக்க வேண்டிவரும். வீட்டில் எல்லோரும் 'முடிவு வந்துவிட்டது' என்று உட்கார்ந்திருக்க, உண்மையில் அது மாத்திரை மயக்கமாக இருக்கும்.

அந்த ஊசியும் தப்பான மருந்தில்லை. சீட்டில் குளோர்ப்ரோமசின் 25 மி.கி. என்று இருக்கிறது. விக்கலுக்கென்று அமெரிக்க மருந்துத் துறை ஒப்புதல் கொடுத்திருக்கும் ஒரே மருந்து அதுதான். ஆனால் ரத்த அழுத்தத்தை இறக்கிவிடும். ஒன்பது நாள் சரியாகச் சாப்பிடாமல், தண்ணீர் குறைந்து, மார்ஃபினும் எடுத்துக்கொண்டிருக்கும் 71 வயதுக்காரருக்கு அதைப் போட்டால், போட்டவர் "ராத்திரி தனியாக எழுந்திருக்கக் கூடாது" என்று நாலு தடவை சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை போலிருக்கிறது. விழுந்ததில் தலையில் அடிபட்டதா என்று எழுதவில்லை. பட்டிருந்தால் அதையும் சொல்லுங்கள்.

காரணங்களைச் சரி செய்தும் நிற்காவிட்டால் உங்கள் மாமாவுக்கு நான் யோசிப்பது இரண்டு. ஒன்று, ராத்திரியில் சின்ன அளவு ஹாலோபெரிடால், அரை மில்லிகிராமில் ஆரம்பித்து. அழுத்தத்தை அவ்வளவு இறக்காது, வாந்தியையும் அடக்கும். ஆனால் மெட்டோகுளோப்ரமைடோடு சேர்த்துக் கொடுக்கக் கூடாது. இரண்டும் சேர்ந்தால் கை நடுக்கம், தாடை இறுக்கம் வரும். இன்னொன்று கபாபென்டின், 100 மி.கி. ராத்திரிக்கு மட்டும். அதுவும் சிறுநீரக வழிதான், ஆனால் கண் வைத்துக்கொண்டு மெதுவாக ஏற்றலாம். எந்த மருந்து உசத்தி என்று யாராவது அடித்துச் சொன்னால் நம்பாதீர்கள். 2013-ல் காக்ரேன் குழு உலகத்தில் நடந்த ஆய்வுகளையெல்லாம் அலசிப் பார்த்துவிட்டு, எந்த மருந்தையும் உறுதியாகப் பரிந்துரைக்க ஆதாரம் போதாது என்றுதான் சொன்னது. அதனால் ஒரு மருந்தைக் கொடுத்து இரண்டு மூன்று நாள் பார்ப்போம், பலனில்லை என்றால் அதை நிறுத்திவிட்டு அடுத்தது. நிறுத்துவதுதான் முக்கியம். பலிக்காத மாத்திரைகள் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறி, ஆறு மாத்திரையோடு மயங்கிக் கிடப்பவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

வீட்டு வைத்தியத்தைக் கேலி செய்ய மாட்டேன். சர்க்கரையை நாக்கில் போட்டு விழுங்குவது, ஐஸ் தண்ணீர், எலுமிச்சை எல்லாம் தொண்டையில் அந்த வேகஸ் நரம்பைத் தட்டிவிடும் வேலைதான். மூச்சை அடக்கினால் ரத்தத்தில் கரியமில வாயு ஏறி விக்கல் தணியும். நல்ல உடம்புக்கு இதெல்லாம் சரி. உங்கள் மாமாவுக்கு ஒரு ஐஸ் துண்டு சப்பக் கொடுங்கள், தேன் ஒரு சொட்டு நாக்கில் வையுங்கள், அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். குனிந்து தண்ணீர் குடிக்க வைத்தால் புரையேறி நுரையீரலுக்குப் போகும். பேரனிடம் பயமுறுத்த வேண்டாம் என்று சொல்லுங்கள். பாவம், அவன் உதவி செய்வதாக நினைத்துச் செய்கிறான், தாத்தாவுக்குக் கால் அமுக்கிவிடச் சொல்லுங்கள். மயிலிறகுச் சாம்பல் சித்த மருத்துவத்திலும் ஆயுர்வேதத்திலும் விக்கலுக்குச் சொல்லப்பட்ட பழைய மருந்துதான், உங்கள் ஊரில் மயிலுக்கும் பஞ்சமில்லை. தேனில் குழைத்து நக்கும்போது தேன் வேலை செய்கிறதா சாம்பலா என்று எனக்குச் சந்தேகம். எப்படியும் சிறுநீரகம் தளர்ந்தவருக்கு யார் எரித்தது, எதில் எரித்தது என்று தெரியாத சாம்பலோ பஸ்பமோ வேண்டாம்.

சாப்பாடு பற்றி. கஞ்சி ஒரு கிண்ணம் வேண்டாம், இரண்டு மணிக்கு ஒரு தடவை நாலு ஸ்பூன் போதும். நேராக உட்கார வைத்துக் கொடுங்கள். முடித்து ஒரு மணி நேரம் படுக்க வேண்டாம். தலைப் பக்கக் கட்டில் காலுக்கடியில் இரண்டு செங்கல் வையுங்கள். சோடாவும் கலர் பானமும் கூடாது. சாப்பாட்டோடு தண்ணீர் கொடுக்காமல் நடுநடுவே கொடுங்கள். புதினாத் தண்ணீர் ஏப்பம் விட வைத்து வாயுவை இறக்கும். ஆனால் மெட்டோகுளோப்ரமைடு ஆரம்பித்தால் புதினாவை விட்டுவிடுங்கள், ஒன்று இரைப்பை வாயைத் தளர்த்தும், மற்றது இறுக்கும்.

வீட்டு முற்றத்தில் நட்சத்திரப் பழ மரம் இருக்கிறதா? பாலக்காட்டுப் பக்கம் பல வீடுகளில் இருக்கிறது, அதனால் கேட்கிறேன். வாய்க்கு ருசியாக இருக்கட்டும் என்று அந்தச் சாற்றைக் கொடுத்திருந்தால் இன்றோடு நிறுத்துங்கள். சிறுநீரகம் கெட்டவர்களுக்கு அதிலுள்ள நச்சு மூளைக்கு ஏறும், முதல் அறிகுறியே விக்கல்தான். பிறகு குழப்பம், வலிப்பு. கொழுப்பு குறையும் என்று கேரளத்தில் குடிக்கும் இரும்பன்புளி (பிலிம்பி) சாறும் அதே ஜாதி. நல்ல சிறுநீரகத்தையே பழுதாக்கியதைக் கேரள டாக்டர்கள் எழுதியிருக்கிறார்கள்.

கோவைக்கு இப்போது தேவையில்லை. போன் செய்தால் போதும். கேரளத்தில் 2008-லேயே சாந்த்வன பரிசரணம் என்று அவர்கள் சொல்லும் பாலியேட்டிவ் பராமரிப்புக்கென்று அரசுக் கொள்கை வந்துவிட்டது. உங்கள் பஞ்சாயத்து சிஸ்டர் வீட்டுக்கு வருவது அவர் தயவில்லை, உங்கள் உரிமை. (கோபாலபுரம் தாண்டித் தமிழ்நாட்டுப் பக்கம் இருக்கும் வாசகர்களுக்கு: 2021-ல் ஆரம்பித்த மக்களைத் தேடி மருத்துவத்திலும் வீட்டுக்கு வந்து பார்க்கும் செவிலியர் உண்டு, ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.) ஆனால் சில விஷயத்துக்குக் காத்திருக்கக் கூடாது. விக்கலோடு நெஞ்சு அழுத்தி வேர்த்துக் கொட்டினால் ஈ.சி.ஜி. எடுக்க வேண்டும், மாரடைப்பு சிலருக்கு விக்கலாகவும் வரும். நிஜமாகவே பேச்சு குழறினால், விழுங்கவே முடியாமல் போனால், ஒரு பக்கம் மரத்துப்போனால் மூளையைப் பார்க்க வேண்டும். காய்ச்சலும் சளியும் சேர்ந்தால், மலம் தார் மாதிரிக் கறுப்பாகப் போனால், வாந்தி பச்சையானால், நேராகப் பக்கத்து ஆஸ்பத்திரி.

கடைசியாக உங்கள் கணவர். விக்கலுக்காக அவர் வர வேண்டியதில்லை. இந்த விக்கல் ஒரு வாரத்தில் அடங்கும் என்றுதான் எதிர்பார்க்கிறேன். ஆனால் நீங்கள் கேட்டது விக்கலைப் பற்றி மட்டும் இல்லை என்று தெரிகிறது. ஈரலுக்குப் பரவி, சிகிச்சையும் நின்று, சாப்பாடு குறைந்து, சிறுநீரகமும் தளர்ந்திருக்கிறது. நாள் கணக்கு சொல்ல மாட்டேன், மாதங்கள் நிறைய இருக்கிறது என்றும் சொல்ல மாட்டேன். லீவு கிடைக்கும் என்றால் இந்த மாதமே வரச் சொல்லுங்கள். வருவதற்குள் தூக்கமும் பேச்சும் அவருக்குத் திரும்பியிருக்க வேண்டும் என்பதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன். சாயங்காலம் ஆனால் மாமா களைத்துவிடுகிறார் என்கிறீர்கள். தோப்புக் கணக்கு, பேச வேண்டியது எதுவானாலும் காலையில், கஞ்சி குடித்து ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்பாரே, அப்போது பேசட்டும்.

சிஸ்டர் வந்து பார்த்ததும் அவர் எழுதியதைப் போட்டோ எடுத்து அனுப்புங்கள். மலையாளத்தில் இருந்தாலும் பரவாயில்லை, நான் படிப்பேன்.